எஸ்பிஎம் முடித்ததும் கண்ணாடிக் கடையில் பயிற்சி வேலைக்குச் சேரலாமா?

எஸ்பிஎம் (மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு) முடித்த ஒருவர், கோலாலம்பூரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பழகப் போகலாமா, அதற்கு எதிர்காலம் இருக்கிறதா, வீட்டில் "ஷோகேஸ் துடைக்கிற வேலைக்கா பதினொரு வருஷம் படிச்ச" என்று திட்டுகிறார்கள் என்று கேட்டிருக்கிறார்.

சேருங்கள். நானும் அப்படித்தான் சேர்ந்தேன், பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்னக் கடையில், பத்தொன்பது வயதில். ஆனால் சேருவதற்கு முன்னால் முதலாளியிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: "பின் அறையில் என்னை விடுவீர்களா?" முன்பக்கம் மட்டும்தான் என்றால் நீங்கள் கற்றுக்கொள்ளப்போவது விற்பனை. லென்ஸ் வெட்டும் மெஷினும் பவர் பார்க்கும் லென்ஸோமீட்டரும் இருக்கிற பின் அறையில்தான் தொழில் இருக்கிறது. சில கடைகள் எல்லா லென்ஸையும் வெளியே லேபுக்கு அனுப்பி வெட்டி வாங்குகின்றன, அந்த மாதிரிக் கடையில் இரண்டு வருஷம் இருந்தாலும் கை பழகாது.

முதல் மூன்று மாதம் எனக்கும் துடைப்பதும் அடுக்குவதும்தான். அதிலேயே ஒரு பாடம் இருந்தது. ஃபிரேமின் காதுக்கம்பி உள்பக்கம் 52, 18, 140 என்று எண்கள் இருக்கும், லென்ஸின் அகலம், மூக்குப் பாலத்தின் அகலம், கம்பியின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். நூற்றுக்கணக்கான ஃபிரேம்களைத் துடைத்துத் துடைத்து, ஒருவர் முகத்தைப் பார்த்ததும் இவருக்கு 50 போதும், 54 போட்டால் கன்னத்தில் இடிக்கும் என்று சொல்ல வந்துவிட்டது.

அப்புறம் மொழி. இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள், நான் சொல்கிறேன். மலாய்க்காரர் ஒருவர் வந்து "ரபுன் ஜாவ்" என்றால் தூரம் மங்கல் என்று அர்த்தம், தமிழில் அதே குறைக்கு நாம் சொல்வது கிட்டப்பார்வை. அவர்கள் எது தெரியவில்லையோ அதை வைத்துப் பெயர் சொல்கிறார்கள், நாம் எது தெரிகிறதோ அதை வைத்து. "ஜாவ்" என்று காதில் விழுந்ததும் தூரப்பார்வை என்று எழுதினீர்கள் என்றால் எல்லாம் தலைகீழ். "சீலாவ்" என்றால் பெரும்பாலும் அஸ்டிக்மாட்டிசத்தை, அதாவது கண்ணின் வளைவு சீராக இல்லாததால் வரும் மங்கலைச் சொல்கிறார்கள். "தீகா ராத்தூஸ்", முந்நூறு பவர் என்றால் பவர் எழுதுகிற சீட்டில் 3.00. நாற்பது தாண்டிய நம் ஆட்கள் வந்து பேப்பரைத் தள்ளிப் பிடித்துக் காட்டுவார்கள், அது வெள்ளெழுத்து, அவர்களிடம் வயசாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பின் அறையில் எனக்குக் கற்றுத் தந்தவர் ஒரு சீன அங்கிள், முப்பது வருஷமாக லென்ஸ் வெட்டுகிறவர், அதிகம் பேச மாட்டார், "பெலான்-பெலான்", மெதுவாக, என்பதுதான் அவர் அடிக்கடி சொல்வது. லென்ஸோமீட்டரில் வைத்து மையத்தைக் கண்டுபிடித்து மூன்று புள்ளி குத்துவது, சிலிண்டர் என்கிற அஸ்டிக்மாட்டிசப் பவரை மைனஸில் எழுதியிருந்தால் பிளஸ்ஸுக்கு மாற்றுவது (−3.00 / −1.00 × 180 என்பதும் −4.00 / +1.00 × 90 என்பதும் ஒரே லென்ஸ்தான்), அரை ஃபிரேமுக்கு விளிம்பில் பள்ளம் வெட்டி நைலான் நூல் கோப்பது, எல்லாம் அவரிடம்தான். எப்போதும் ஒரு மயிரிழை பெரிதாக வெட்டச் சொல்வார், பெரிதாக இருந்தால் மறுபடி மெஷினில் வைக்கலாம், சிறிதாகிவிட்டால் அந்த லென்ஸ் குப்பைக்கு. ஃபிரேமை வளைக்கச் சூடாக்கும்போது லென்ஸைக் கழற்றிவிடச் சொல்வார், ஏனென்றால் சூடு அதிகமானால் மேலே இருக்கிற கோட்டிங் சிலந்தி வலை மாதிரி வெடித்துவிடும். நம் ஊர் வெயிலில் காரின் டாஷ்போர்டில் கண்ணாடியை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கும் இதேதான் நடக்கிறது.

மில்லிமீட்டர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை நான் ஒரு தவறு செய்துதான் புரிந்துகொண்டேன். ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் முதல்முறையாக புரோகிரெசிவ் லென்ஸ் எடுத்தார், அன்றைக்குக் கூட்டம், அளவெடுக்க என்னை விட்டார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நான் நின்றுகொண்டே கண்மணிக்கு நேரே லென்ஸில் பேனாவால் குறித்தேன். நான் உயரம். என் கண் மேலே, அவர் கண் கீழே, அதனால் புள்ளி இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே விழுந்துவிட்டது. மூக்குத்தாங்கியையும் சரிசெய்யாமலே குறித்திருந்தேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தார், "தம்பி, தூரத்து போர்டைப் படிக்கணும்னா தலையைக் குனிய வேண்டியிருக்கு, படியில இறங்கப் பயமா இருக்கு" என்றார். புரோகிரெசிவில் மேலே தூரம், கீழே கிட்டம், புள்ளி ஏறிவிட்டால் கிட்டத்துக்கான பகுதி பார்வைக்கு நடுவே வந்து நிற்கும். முதலாளி என்னைத் திட்டவில்லை. கடைச் செலவில் புது லென்ஸ் வரவழைத்து, என்னையே மறுபடி அளவெடுக்கச் சொன்னார், இந்த முறை அவருக்கு எதிரே ஸ்டூல் போட்டு, கண்ணுக்குக் கண் நேராக. அந்த அம்மா விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல நாள் தூக்கம் வரவில்லை. இன்றைக்கும் நான் நின்றுகொண்டு அளவெடுப்பதில்லை.

இரண்டு கண்மணிகளுக்கு இடையிலான தூரமும் அப்படித்தான், பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், ஆனால் சராசரியை வைத்து வெட்டக் கூடாது. பிரென்டிஸ் விதி என்று ஒன்று உண்டு, லென்ஸின் மையம் கண்மணியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் விலகுகிறதோ அதைப் பவரால் பெருக்கினால் எவ்வளவு பிரிசம், அதாவது ஒளி எவ்வளவு பக்கவாட்டில் வளைகிறது, என்று தெரியும். பவர் 5, விலகல் 4 மில்லிமீட்டர் என்றால் 2 பிரிசம். போட்டவருக்குத் தலைவலி வரும், ஏன் என்று தெரியாது, பவர் தப்பு என்று நினைப்பார். கணக்கு அவ்வளவுதான், பயப்பட வேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸில் இருந்ததால் எனக்குக் கிடைத்த இன்னொன்று. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது, வெள்ளைக் கோலோடு நடப்பவர்களைத் தினமும் பார்ப்போம். அவர்களில் கொஞ்சம் பார்வை மிச்சமிருக்கிறவர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியோ கண்கூச்சத்தைக் குறைக்கிற நிறக் கண்ணாடியோ கேட்டு உள்ளே வருவார்கள். முதலில் நம் பெயரைச் சொல்ல வேண்டும், கையைப் பிடித்து இழுக்காமல் நம் முழங்கையை அவர்கள் பிடித்துக்கொள்ளக் கொடுக்க வேண்டும், இதை அவர்களேதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

சரி, எதிர்காலம். இங்கே தெளிவாக இருங்கள். கடையில் எத்தனை வருஷம் பழகினாலும் நீங்கள் ஆப்டிஷியன், அதாவது பதிவு பெற்ற கண்ணாடி வல்லுநர், ஆகிவிட முடியாது. 1991ஆம் ஆண்டின் ஆப்டிகல் சட்டப்படி மலேசிய ஆப்டிகல் கவுன்சிலில் பதிவு பெற்றவர்தான் கடையில் கண்ணைச் சோதித்துப் பவர் எழுதலாம், கான்டாக்ட் லென்ஸ் கொடுப்பதும் அப்படித்தான். ஆள் இல்லாத நேரத்தில் "நீயே பார்த்துக் கொடு" என்று யாராவது சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள், அதற்காக வேலை போனாலும் பரவாயில்லை. நான் இரண்டு வருஷம் கடையில் இருந்துவிட்டு டிப்ளோமா படித்துப் பதிவு பெற்றேன். யூகேஎம் (மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம்) போன்ற இடங்களில் ஆப்டோமெட்ரி, அதாவது பார்வைப் பரிசோதனைப் பட்டப்படிப்பு இருக்கிறது, கணிதமும் அறிவியலும் நன்றாக இருந்தால் அதையே குறி வையுங்கள். கடை அனுபவத்தோடு படிக்கப் போனபோது வகுப்பில் ஒளிக்கதிர்ப் படம் போட்டதும் எனக்கு அந்த ஆசிரியையின் புள்ளி ஞாபகம் வந்தது, மற்றவர்களுக்கு அது வெறும் கோடு.

சம்பளத்தைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். 2025இல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக ஆனது, "பழகுகிற பையன்தானே" என்று கைச்செலவுக்குக் கொடுத்து ஒப்பேற்றுகிற இடமா, இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) கட்டுகிற இடமா என்று முதல் நாளே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை கேட்டுப் போகும்போது சனி ஞாயிறு போகாதீர்கள், கூட்டத்தில் உங்களை யாரும் பார்க்க மாட்டார்கள். செவ்வாய் அல்லது புதன், கடை திறந்து அரை மணி நேரம் கழித்து, அப்பாவை அழைத்துக்கொள்ளாமல் தனியாகப் போங்கள்.