வாசகர் கேள்வி – பதில்: பலகையில் மறைந்த வரி

கேள்வி: வெள்ளவத்தையில் என் தம்பி சிறிய போட்டோகொப்பிக் கடை நடத்துகிறான். இரண்டு வாரங்களுக்கு முன் ஓர் இரவு, மும்மொழிப் பெயர்ப்பலகையில் தமிழ் வரியின் மீது மட்டும் யாரோ கறுப்புப் பெயின்ற் பூசிவிட்டார்கள். அதற்கு முதல் நாள், வாகனம் நிறுத்துவது பற்றிய வாக்குவாதத்தில் அயலவர் ஒருவர், ஊருக்கே திரும்பிப் போகும்படி தம்பியைச் சிங்களத்தில் ஏசியிருந்தார். பொலிஸில் இதை அயலவர் தகராறு என்று சிங்களத்தில் எழுதினார்கள். தம்பியும் கையொப்பமிட்டு வந்துவிட்டான். இது வெறுப்புக் குற்றமா? இனி என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கொழும்பு 6

பதில்: வெறுப்புக் குற்றம் என்ற பெயரில் தனியான குற்றம் எதுவும் இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையில் இல்லை. சொத்துக்குச் சேதம் விளைப்பதும் பயமுறுத்துவதும் குற்றங்களே. ஆனால் அவை இனத்தின் பெயரால் செய்யப்பட்டவை என்பது முதல் வாக்குமூலத்தில் பதியப்படாவிட்டால், நீதிவான் முன் போகும் கோப்பில் பார்க்கிங் சண்டை மட்டுமே மிஞ்சும். உங்கள் தம்பியின் முறைப்பாட்டுக்கு நேர்ந்திருப்பதும் இதுதான்.

வாய்மொழியாகச் சொல்லப்படும் முறைப்பாட்டை அது சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதி, முறைப்பாட்டாளருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு கூறுகிறது. தமிழில் எழுதத் தெரிந்த அதிகாரி இல்லையென்றால், முறைப்பாட்டாளர் தாமே எழுதிக் கொடுக்கலாம். ஆகவே தம்பி நடந்ததைத் தமிழில் எழுதிக்கொண்டு, முறைப்பாட்டு இலக்கத்துடன் பொறுப்பதிகாரியிடம் சென்று மேலதிக வாக்குமூலமாகப் பதியும்படி கேட்கட்டும். ஒரு பிரதியைப் பதிவுத் தபாலிலும் அனுப்பிவைப்பது நல்லது.

அந்த வாக்குமூலத்தில் "ஏசினார்" என்று எழுதி நிறுத்திவிடக் கூடாது. அயலவர் சொன்ன சிங்கள வார்த்தைகள் எவையோ அவற்றை அப்படியே எழுதி, கேட்டு நின்றவர்களையும் குறிப்பிட வேண்டும். ஆனால் பெயின்ற் பூசியவரைக் கண்ணால் கண்டவர் இல்லையென்றால் அவர்தான் பூசினார் என்று எழுத வேண்டாம். பலகையை இன்னும் கழுவவில்லை என்றால், சிங்கள, ஆங்கில வரிகள் தொடப்படாமல் இருப்பது தெரியும்படி முழுப் பலகையையும் படமெடுங்கள். ஏன் பூசினார்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. எதிர்க்கடையின் சிசிடிவிப் பதிவை இன்றே கேளுங்கள். பல கருவிகளில் பழைய பதிவுகள் சில வாரங்களில் தாமாகவே அழிந்துவிடும்.

83 ஜூலையைக் கண்ட வெள்ளவத்தைப் பெரியவர்கள், பேசாமல் பலகையை மாற்றிவிடு என்று தம்பிக்குச் சொல்லியிருக்கக்கூடும். அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனாலும் நாளை இதைவிடப் பெரிதாக ஒன்று நடந்தால், இன்றைய பதிவுதான் முன்கதையாக நிற்கும்.

பொலிஸ் நிலையம் மீண்டும் மறுத்தால், மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். அதன் துரித இலக்கம் 1996. பொலிஸாரின் மறுப்பு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையிலுள்ள சமத்துவத்தை மீறுவதாகக் கருதினால், உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் விசாரணை உண்மையிலேயே நடந்ததா என்று நீதிமன்றம் கேட்கும் என்பதால், ஆணைக்குழு தரும் முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டை மட்டும் நம்பியிருக்காமல் ஒரு சட்டத்தரணியை இந்த வாரமே பாருங்கள்.

கேள்வி: ஒரு சமூகத்தைத் தாக்கும்படி தூண்டும் முகநூல் பதிவைக் கண்டேன். அம்பலப்படுத்துவதற்காகப் பகிரலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பகிர வேண்டாம், அதை இன்னும் பலர் பார்க்க நீங்களே வழிசெய்வீர்கள். இணைப்பு, திகதி, நேரம் தெரியும்படி திரையைப் படமெடுத்து (ஸ்கிரீன்ஷொட்) முறைப்பாட்டுடன் கொடுங்கள். வன்முறையைத் தூண்டும் இன, மத வெறுப்புப் பேச்சுக்கு 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3ஆம் பிரிவு பத்து ஆண்டு வரை கடூழியச் சிறை விதிக்கிறது. பிணையும் எளிதில் கிடைக்காது. இதே சட்டம் 2019 மே மாதம் ஹசலகவில், கப்பல் சுக்கான் சக்கரம் அச்சிட்ட உடையை அணிந்த ஒரு முஸ்லிம் பெண்மீது, அது பௌத்தர்களின் புனிதச் சின்னமான தர்மச்சக்கரம் என்று சொல்லிப் பிரயோகிக்கப்பட்டது. ஆகையால் மனம் புண்பட்டது என்று மட்டும் எழுதாமல், யாரை, என்ன செய்யும்படி அந்தப் பதிவு தூண்டுகிறது என்பதை முறைப்பாட்டின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.