பிடிபட்ட விமானிகள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டோக்கியோ மீது நடந்த தீக்குண்டு வீச்சைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். 1945 மார்ச் 10 அன்று ஒரே இரவில் சுமார் ஒரு லட்சம் பேர் கருகிப் போனார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சில நாள் கழித்து, ஜப்பானியரிடம் பிடிபட்ட அமெரிக்க விமானிகள் வாளால் வெட்டப்பட்டதைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு இரக்கம் வரவில்லை. வானத்திலிருந்து குழந்தைகளை எரித்தவர்கள் தரையில் சிக்கினார்கள், தண்டிக்கப்பட்டார்கள். வென்றவன் அதற்குப் போர்க்குற்றம் என்று பெயர் வைத்துவிட்டான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

உங்கள் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கட்டுரையை எழுதும்போது எனக்கும் அதே கோபம் இருந்தது. ஆனால் அதை வைத்து இந்தக் கொலைகளை நியாயப்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் ‘தண்டனை’ என்கிறீர்கள். பிடிபட்டவர்களில் யார் இறந்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று பார்த்தால் அது தண்டனையாகத் தெரியவில்லை.

தொடக்கத்திலாவது சட்டத்தின் சாயல் இருந்தது. 1942 ஏப்ரல் 18 அன்று அமெரிக்க அதிகாரி ஜேம்ஸ் டூலிட்டில் தலைமையில் 16 பி-25 குண்டுவீச்சு விமானங்கள் ஹார்னெட் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பி டோக்கியோவிலும் வேறு சில நகரங்களிலும் குண்டு வீசின. சுமார் ஐம்பது பேர் இறந்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் உட்பட. சீனாவில் இறங்கிய விமானிகளில் எட்டுப் பேர் ஜப்பானியரிடம் சிக்கினார்கள். அவர்களை விசாரிக்க ஆகஸ்ட் 13 அன்று எதிரி விமானிகளுக்கென்று ஒரு ராணுவச் சட்டம் போடப்பட்டது. அதற்கு முன்பு நடந்த செயல்களுக்கும் அது பொருந்தும் என்று அதிலேயே எழுதிக்கொண்டார்கள். ஆகஸ்ட் 28 அன்று ஷாங்காயில் விசாரணை. வழக்கறிஞர் கிடையாது. விமானி டீன் ஹால்மார்க் வயிற்றுக்கடுப்பால் எழுந்து நிற்கவும் முடியாமல் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். எட்டுப் பேருக்கும் மரண தண்டனை; ஐந்து பேருக்கு அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. ஹால்மார்க், வில்லியம் ஃபாரோ, ஹரால்ட் ஸ்பாட்ஸ் ஆகிய மூவரும் அக்டோபர் 15 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எஞ்சியவர்களில் ராபர்ட் மீடர் அடுத்த ஆண்டு சத்துக்குறைவால் சிறையிலேயே இறந்தார்.

1945இல் பி-29 விமானங்கள் ஜப்பானிய நகரங்களை வரிசையாக எரிக்கத் தொடங்கியதும், பல இடங்களில் அந்தச் சாயலும் மறைந்தது. பிடிபட்டவர்கள் ஏராளமாக வந்தார்கள். உளவுத் தகவல் தரக்கூடியவர்களை மட்டும் டோக்கியோ கேட்டது. மற்றவர்கள் உள்ளூர் ராணுவத் தலைமையகங்களின் பொறுப்பில் விடப்பட்டார்கள்.

இதன் பொருள் என்ன என்பதை மார்வின் வாட்கின்ஸின் விமானக் குழுவை வைத்தே காட்டலாம். மே 5 அன்று கியூஷு தீவில் அவர்களது பி-29 வீழ்த்தப்பட்டது. விமானத்தின் தலைவர் வாட்கின்ஸ். தகவல் தெரிந்தவர் என்பதால் டோக்கியோவுக்கு அனுப்பப்பட்டார். போர் முடியும்வரை உயிரோடு இருந்து வீடு திரும்பினார். அந்தத் தீவின் ஃபுகுவோகா நகரத்தில் விடப்பட்டவர்களைக் கியூஷு பல்கலைக்கழக மருத்துவர்களிடம் ஒப்படைத்தார்கள். அங்கே மொத்தம் எட்டு விமானிகள் அறுவை மேசையில் கொல்லப்பட்டார்கள். ரத்தத்துக்கு மாற்றாகக் கடல்நீரை உடலில் ஏற்றிப் பார்த்தார்கள். நுரையீரலை எடுத்துப் பார்த்தார்கள். அந்த அறையில் இருந்த தோஷியோ தோனோ என்ற மருத்துவ மாணவர் பிற்காலத்தில் மகப்பேறு மருத்துவராகி, தான் கண்டதை வெளிப்படையாகப் பேசினார். அதற்காக அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆர்., விமானத்தை ஓட்டிவந்தவர் பிழைத்தார். அவர் சொன்னபடி கேட்டவர்கள் செத்தார்கள். குண்டு வீசியதற்கான தண்டனை என்றால் இது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? யாருக்குப் பயன் உண்டோ அவர் வாழ்ந்தார். குற்றத்தின் அளவை அங்கே யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. அதே ஃபுகுவோகாவில், ஆகஸ்ட் 15 அன்று சக்கரவர்த்தியின் சரணாகதி உரை வானொலியில் ஒலித்த பிறகும், ஒரு டஜனுக்கும் மேற்பட்ட விமானிகளை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வெட்டினார்கள். போர் முடிந்த பிறகு எதற்குத் தண்டனை? டோக்கியோ ராணுவச் சிறையில் நடந்தது இன்னொரு வகை. மே 25 இரவு அமெரிக்க விமானங்கள் போட்ட தீக்குண்டுகளால் சிறை பற்றிக்கொண்டது. நானூறுக்கும் மேற்பட்ட ஜப்பானியக் கைதிகள் வெளியேற்றப்பட்டார்கள். 62 அமெரிக்க விமானிகள் உள்ளேயே எரிந்தார்கள்.

உங்கள் பக்கத்துக்கு வலுவான சாட்சி ஒருவர் உண்டு, அவரைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். நகோயா பகுதியின் ராணுவத் தளபதி தசுகு ஒகாடா. 38 விமானிகளைக் கொன்றதற்காகப் போருக்குப் பிறகு யோகோஹாமாவில் அமெரிக்க ராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டார். பொறுப்பு முழுவதும் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டு, கீழே இருந்தவர்களைத் தூக்குக் கயிற்றிலிருந்து காப்பாற்றினார். குடிமக்கள் வாழும் நகரத்தைக் கண்மூடித்தனமாக எரிப்பதும் குற்றம்தான் என்பதை அந்த நீதிமன்றத்திலேயே வாதாடினார். 1949இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவருடைய கேள்வி சரியான கேள்வி. அந்த எரிப்புக்காக ஒரு அமெரிக்கத் தளபதியும் கூண்டில் நிற்கவில்லை என்பது இன்றும் ஆறாத அநீதி. ஆனால் அதற்கான விடையைக் கையில் விலங்கு மாட்டப்பட்ட ஒரு இளைஞனின் கழுத்தில் எழுத முடியாது. நகரங்களை எரிக்க உத்தரவு பிறப்பித்தது யாரோ, அவர்களிடம்தான் அதைக் கேட்க வேண்டும்.

ஹிரோஷிமாவில் நடந்ததை விரிவாகச் சொல்கிறேன். ஜூலை 28 அன்று குரே துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பல்களைத் தாக்க வந்த விமானங்கள் சில வீழ்ந்தன. அவற்றில் ஒன்று ‘லோன்சம் லேடி’ என்ற பி-24. அதன் விமானி தாமஸ் கார்ட்ரைட். பிடிபட்டவர்களை ஹிரோஷிமாவில், ராணுவக் காவல்படையான கெம்பெய்தாயின் தலைமையகத்தில் அடைத்தார்கள். கார்ட்ரைட்டை விசாரணைக்காக டோக்கியோ பக்கம் கொண்டுபோனார்கள். மறுபடியும் விமானத் தலைவர் பிழைத்தார். அவருடைய ஆட்கள் ஆறு பேர் அங்கேயே இருந்தார்கள்.

அதே நாட்களில் அமெரிக்கத் தளபதி கார்ல் ஸ்பாட்ஸ் வாஷிங்டனுக்குத் தந்தி அடித்தார். அணுகுண்டுக்குக் குறி வைக்கப்பட்ட நான்கு நகரங்களில் நேசநாட்டுப் போர்க்கைதி முகாம் இல்லாதது ஹிரோஷிமா மட்டும்தான் என்று நம்பப்படுவதாகத் தெரிவித்தார். தகவல் நம்பகமானது என்றால் அதற்கே முதலிடம் கொடுக்கலாம் என்று பதில் வந்தது. ஆகஸ்ட் 6 காலை குண்டு வெடித்த இடத்துக்கும் அந்தத் தலைமையகத்துக்கும் இடையில் சில நூறு மீட்டர்தான். 12 அமெரிக்கக் கைதிகள் இறந்தார்கள். அவர்களில் ரால்ஃப் நீல், நார்மன்ட் பிரிசெட் என்ற இருவர் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கித் தீயிலிருந்து தப்பினார்கள். ஆனால் கதிர்வீச்சு விடவில்லை. ஏறத்தாழ இரண்டு வாரம் துடித்து, போர் முடிந்த பிறகு இறந்தார்கள். இப்படிக் கைதிகள் இறந்ததை அமெரிக்க அரசு பல பத்தாண்டுகள் ஒப்புக்கொள்ளவில்லை.

ஷிகேயாகி மோரிக்கு அன்று எட்டு வயது. ஒரு பாலத்தின் மேல் இருந்தார். வெடிப்பின் அதிர்வு அவரை ஆற்றுக்குள் தூக்கி எறிந்தது. வளர்ந்து நிறுவனங்களில் வேலை பார்த்தார். வரலாற்றுப் படிப்பு படித்தவர் அல்ல. ஓய்வு நேரத்தில் ஆவணங்களைத் தேடி, விமானங்கள் விழுந்த கிராமங்களுக்குப் போய்ப் பார்த்தவர்களை விசாரித்து, அந்த 12 பேர் யார் என்று கண்டுபிடிக்க நாற்பது ஆண்டுகள் உழைத்தார். சரியாகப் பேச வராத ஆங்கிலத்தில் அமெரிக்காவுக்குத் தொலைபேசியில் அழைத்து, அதே குடும்பப்பெயர் கொண்டவர்களைத் தேடித் தேடி உறவினர்களைக் கண்டுபிடித்தார். தங்கள் பிள்ளை எங்கே, எப்படிச் செத்தான் என்று பல குடும்பங்களுக்கு அதுவரை சரியாகத் தெரியாது. 1998இல், கெம்பெய்தாய் தலைமையகம் இருந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை வைத்தார். பிறகு உறவினர்களிடம் புகைப்படம் பெற்று, அணுகுண்டில் இறந்தவர்களுக்கான ஹிரோஷிமா நினைவகத்தில் அந்தக் கைதிகளையும் பதிவு செய்ய வைத்தார். கார்ட்ரைட்டும் அவரும் நண்பர்கள் ஆனார்கள். 2016 மே 27 அன்று ஹிரோஷிமாவுக்கு வந்த ஒபாமா மோரியை அணைத்துக்கொண்ட படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

எரிந்த நகரத்தின் பெயரால் விமானிகளை வெறுக்க யாருக்காவது உரிமை இருந்தது என்றால் மோரிக்கு இருந்தது. நீங்களும் நானும் அந்த நகரத்தில் இருக்கவில்லை. டோக்கியோவில் இறந்தவர்களுக்காகக் கோபப்படுங்கள், நானும் படுகிறேன். அந்தக் கோபத்தை ஃபுகுவோகாவின் அறுவை மேசை வரை கொண்டுபோக உங்களோடு என்னால் வர முடியாது.

அன்புடன்,
ஆசிரியர்