கொண்டுவிக்கப் போவது

அன்புள்ள ஐயா,

நான் பள்ளத்தூர்க்காரி. தேவகோட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நாலு வருஷமாக எழுதி ஒரு நாவலை முடித்திருக்கிறேன். பெயர் ‘தேக்கு தூண்’. பங்காளிகள் பதினொரு பேருக்குப் பொதுவான ஒரு வீட்டைப் பிரித்து விற்கிற கதை. 58,000 சொல் வந்திருக்கிறது. மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். இரண்டிலிருந்து பதில் இல்லை. மூன்றாவது இடத்திலிருந்து ‘பேக்கேஜ்’ என்று ஒரு தாள் வந்தது. 75,000 ரூபாய் கட்டினால் 300 பிரதி அச்சிடுவார்களாம். 100 எனக்கு. மீதி அவர்களிடம் இருக்கும். விற்றால் எனக்குப் பத்து சதவீதம்.

என் அம்மானுக்கு வருகிற தையில் சாந்தி, வயசை ஒட்டிச் செய்கிற விழா. “500 காப்பி அடி, செலவு என்னோடது, தாம்பூலப் பையில் போட்டுக் கொடுத்துடலாம்” என்கிறார். நல்ல மனசுதான், ஆனாலும் ஏதோ உறுத்துகிறது. நானே அச்சிட்டு விற்க முடியுமா? கிண்டில் மின்னூல் மட்டும் போதுமா? அப்புறம், ‘என் புத்தகத்தை வாங்குங்கள்’ என்று யாரிடமும் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அந்தத் தாளையும் மூன்றாம் அத்தியாயத்தையும் இணைத்திருக்கிறேன்.

பெயர் வேண்டாம்,
பள்ளத்தூர்

*

அன்புள்ள ஆச்சி,

செட்டிநாட்டு நகரத்தார் வீட்டுப் பெண்ணை நேரில் பார்த்திருந்தால் அப்படித்தான் கூப்பிட்டிருப்பேன். டீச்சர் என்று கூப்பிடலாம்தான். கணக்கு வாத்தியார்கள் மேல் எனக்குள்ள பயம் இன்னும் தெளியவில்லை.

ஆனால் இதைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். டெம்மி என்கிற வழக்கமான நாவல் அளவில் ஒரு பக்கத்துக்கு 230 சொல் போகும். 58,000 சொல்லுக்கு 252 பக்கம். தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம் என்று நாலு சேர்த்தால் 256. பதினாறு பக்கம் சேர்ந்து அச்சாகிற தாள் ஒரு ஃபாரம், ஆக சரியாகப் பதினாறு ஃபாரம். முன்னுரைக்கு இடமில்லை, நல்லதுதான். போன வருஷம் என் கதைத் தொகுப்பை 200 பக்கத்தில், டிஜிட்டலில் 100 பிரதி அடித்தபோது ஒன்றுக்கு 110 ரூபாய் ஆனது. உங்களுடையதற்கு 140 என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 பிரதிக்கு 42,000. லே-அவுட், அட்டை, மெய்ப்பு (அச்சுப் பிழை திருத்தம்) எல்லாவற்றுக்கும் நியாயமான கூலி போட்டாலும் 75,000-இல் கணிசமாக மிஞ்சும். அச்சு ஓடுவதற்கு முன்பே லாபத்தை உங்களிடம் எடுத்துக்கொண்டவருக்கு, மீதி 200 பிரதியை விற்க என்ன அவசரம்?

அதே தாளில் ஐ.எஸ்.பி.என். என்கிற புத்தக அடையாள எண்ணுக்கு 3,500 ரூபாய் போட்டிருக்கிறார்கள். இந்தியாவில் அது இலவசம். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இயங்கும் மத்திய அரசின் ஏஜென்சி தருகிறது. எழுத்தாளர் தன் பெயரிலேயே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். நீங்களே பதிப்பாளர் ஆகிவிட்டால் ஒரு கடமையும் உண்டு: 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி கல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உட்பட நாலு நூலகங்களுக்கு ஆளுக்கொரு பிரதி, வெளியான 30 நாளுக்குள் போக வேண்டும். பலரும் செய்வதில்லை. நீங்கள் செய்யுங்கள். வீட்டுப் பிரதியைக் கரையான் தின்றாலும் எழும்பூரில் ஒன்று இருக்கும்.

கரையான் என்றதும் என் கதை. 2003-இல் பி.எஃப். கடன் எடுத்து முதல் நாவலை 1,000 பிரதி அச்சடித்தேன். அளவு கூடினால் விலை குறையும் என்று அச்சகத்தில் சொன்னார்கள். குறைந்தது. இருபத்தைந்து இருபத்தைந்தாகப் பழுப்புத் தாளில் கட்டிய 40 கட்டுகள் வாடகை வீட்டுக் கூடத்தில் வந்து இறங்கின. காரைக்குடியில் விழா வைத்தேன். கம்பன் விழா கேட்டு வளர்ந்த ஊர், கூட்டத்துக்குக் குறைவில்லை. 130 பேர் வந்தார்கள். நம்மூர்க்காரர்களுக்குப் பேச்சைக் கடைசிவரை உட்கார்ந்து கேட்கத் தெரியும். கேட்டு முடித்ததும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பவும் தெரியும். அன்று விற்றது 11. அடுத்த ஒரு வருஷத்தில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டு இலவசமாக 300 கொடுத்திருப்பேன். படித்தேன் என்று அதில் ஒருவர்கூடச் சொன்னதில்லை.

விலை கொடுத்து வாங்கிய ஒருவர் மட்டும் ஒரு தபால் கார்டு போட்டார். பஸ் கண்டக்டர். “காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகிற வண்டி முதலில் பிள்ளையார்பட்டிக்குப் போய்ப் பிறகு குன்றக்குடி போவதாக 112-ஆம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆறு வருஷமாக அந்த வண்டியில் டிக்கெட் கிழிக்கிறேன். குன்றக்குடிதான் முதலில்.” அவ்வளவுதான் கடிதம். நாவல் நன்றாயிருக்கிறது என்றுகூட எழுதவில்லை. ஆனால் 112-ஆம் பக்கம் வரை வந்திருக்கிறார், கோபப்பட்டிருக்கிறார், கார்டு வாங்கி எழுதியிருக்கிறார். காசு கொடுத்தவர் சண்டைக்கு வருவார். அந்தக் கார்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதனால்தான் அம்மான் சொல்வது உங்களுக்கு உறுத்துகிறது. சாந்திக்கும் மணிவிழாவுக்கும் பக்திப் பாடல்களையோ ஒரு மலரையோ அச்சடித்துக் கொடுப்பது உங்களில் நல்ல வழக்கம்தான். வாங்கிப் போகிறவர் அதைப் பூஜை அறையில் வைப்பார். அதே பையில், தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் நடுவே, ஒரு வீட்டைப் பிரிக்கிற நாவலைப் போட்டால் யார் எடுத்துப் படிப்பார்கள்? (அந்தப் பதினொரு பங்காளிகளில் நாலு பேராவது விழாவுக்கு வருவார்கள். அவர்கள் படித்தால் அது வேறு பிரச்சினை.) அம்மானின் பணத்தை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், மனம் நோகும். 500 வேண்டாம், 40 பிரதியை முழு விலைக்கு வாங்குங்கள், நிஜமாகவே படிக்கிற 40 பேரை நீங்களே யோசித்துப் பெயர் எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். அவர் நாற்பது பெயருக்குத் திணறுவார். திணறட்டும்.

முதல் அச்சு 200 போதும். தீர்ந்தால் மறுபடி 100 அடிக்கலாம். டிஜிட்டலில் உள்ள சௌகரியமே அதுதான். விலை 300 வைத்தால், கடைக்காரர் கழிவு 40 சதவீதம் என்றால் 120 போகும், அச்சுக்கு 140, கையில் நிற்பது 40. நீங்களே நேராக விற்றால் 160. கடையில் நாலு விற்பதும் நேரில் ஒன்று விற்பதும் உங்களுக்கு ஒன்றுதான். கடையே வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு கடையில் ஐந்தைந்து வையுங்கள், சீட்டு வாங்குங்கள், மூன்று மாதம் கழித்துப் போய்க் கேளுங்கள். நூலக ஆர்டர் வந்தால் பார்த்துக்கொள்ளலாம், அதை நம்பி அச்சடிக்காதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டு யாருக்கு எத்தனை, வந்தது எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று எழுதி வாருங்கள். பேரேடு எழுதுவதை உங்கள் வீட்டுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கூச்சம் என்று எழுதியிருந்தீர்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வியாபாரத்துக்குப் போனதற்கு உங்கள் ஆட்களிடம் ஒரு சொல் உண்டு: கொண்டுவிக்கப் போவது. பத்துப் பன்னிரண்டு வயசில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் தொழில் பழகுகிற எடுபிடியாக, கப்பல் ஏறியவர்களின் பேத்திக்கு 200 புத்தகம் விற்கக் கூச்சமா? புத்தக வியாபாரத்திலும் உங்கள் பக்கத்து ஆட்கள் முன்னால் நின்றிருக்கிறார்கள். ராயவரத்திலிருந்து போன பதிப்பாளர் சக்தி வை. கோவிந்தன்தான் பாரதி கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்கு மலிவுப் பதிப்பாகக் கொண்டுவந்தார். தமிழ்ப் பண்ணை என்ற பதிப்பகத்தை நடத்திய சின்ன அண்ணாமலை உங்கள் தேவகோட்டைக்காரர். நாடக நோட்டீஸ் முதல் நாவல் வரை அச்சானது எதையும் விடாமல் சேர்த்த ரோஜா முத்தையா கோட்டையூர்க்காரர். இங்கே புத்தகத்துக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று இனி யாராவது சொன்னால் இவரைச் சொல்லுங்கள். எழுத்தாளர் சி.சு. செல்லப்பா இந்தப் பக்கத்து ஆள் இல்லை, ஆனாலும் சொல்கிறேன்: புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் அவர். கடைசிக் காலத்திலும் தன் மூன்று பாக நாவலைத் தானேதான் அச்சிட்டார்.

உங்கள் மூன்றாம் அத்தியாயத்தில் தரகர் முகப்பில் நின்று பர்மாத் தேக்குத் தூணை நகத்தால் கீறி, நகத்தை மோந்து பார்க்கிறார். பிறகு தூணின் அடியில் சுண்ணாம்புக் கட்டியால் ‘மு 4’ என்று எழுதுகிறார். அதைப் பார்த்த அப்பத்தா, முந்தானையை நனைத்துக்கொண்டு வந்து அழிக்கிறாள். அவர் மறுபடி எழுதுகிறார். இந்த ஒன்றரைப் பக்கம்தான் உங்கள் விளம்பரம். ‘உறவுகளின் உன்னதம் பேசும் காவியம்’ என்று நோட்டீஸ் போடாதீர்கள். இந்த ஒன்றரைப் பக்கத்தை உங்கள் குரலிலேயே படித்துப் பதிவு செய்து, ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் கோயில் குழுவிலும் போடுங்கள். கீழே விலையும் எண்ணும் இருக்கட்டும். தை மாதம் போடாதீர்கள், எல்லோரும் கல்யாணத்தில் இருப்பார்கள்.

கிண்டில் வேண்டும்தான், சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இருக்கிறவர்களுக்காக. அங்கே தபாலில் அனுப்பினால் புத்தக விலையைவிடத் தபால் செலவு கூடிவிடும். இந்தியாவில் விற்பதற்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் கிண்டில் செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு மின்னூலை வேறெங்கும் வைக்கக் கூடாது. அச்சுப் பிரதிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. உள்ளூர்த் தபாலுக்கு 2025 மே முதல் ஞான் போஸ்ட் என்று புத்தகங்களுக்கான தபால் சேவை ஒன்று வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100, வரி தனி. உங்கள் நாவலை அதில் எடுத்துக்கொள்வார்களா என்று ஒரு பிரதியோடு போய்க் கவுன்ட்டரில் கேட்டுவிடுங்கள்.

மெய்ப்புக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். யூனிகோடிலிருந்து அச்சகத்து எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். என் இரண்டாம் புத்தகத்தில் ‘ஸ்ரீ’ வந்த இடமெல்லாம் கேள்விக்குறியாகிவிட்டது. 200 பக்கமும் ராமர் சந்தேகத்துக்குரியவராகவே உலவினார். அதனால் வேர்டு கோப்பைத் திருத்தியதோடு நிற்காமல், அச்சுக்குப் போகிற பி.டி.எஃப்.பைத் தாளில் எடுத்து, கையில் பேனாவோடு படியுங்கள். முதலில் ஒரே ஒரு பிரதி அடித்துத் தரச் சொல்லிப் பார்த்துவிட்டு மீதிக்குச் சரி சொல்லுங்கள். அட்டையையும் படியுங்கள். உங்கள் தலைப்பிலேயே ஒரு ‘த்’ விட்டுப்போயிருக்கிறது.

எனக்கு அன்புப் பிரதி எதுவும் அனுப்ப வேண்டாம். அச்சானதும் விலையையும் ஜிபே எண்ணையும் அனுப்புங்கள். உங்கள் நோட்டில் முதல் வரி என் பெயராக இருக்கட்டும். இரண்டு பிரதி. ஒன்று அந்தக் கண்டக்டருக்கு. இப்போது ரிட்டையராகித் திருப்பத்தூரில் இருக்கிறார்.