குதிகால் மூட்டை ஒட்டிட்டா கால் கட்டையாயிடுமா?

தம்பி, நாலு பக்கம் எழுதியிருக்கீங்க, ஆனா உங்க பயம் ஒண்ணுதான். சாரத்துலருந்து விழுந்து குதிகால் எலும்பு நொறுங்கி ரெண்டு வருஷம் முன்னாடி பிளேட் வெச்சாங்க, வலி போகல, இப்ப மூட்டு அசையாதபடி ரெண்டு எலும்பையும் ஒண்ணா ஒட்டிடலாம்கிறாங்க, ஒட்டிட்டா பெயிண்ட் வேலைக்கு முழுக்கு போடணுமா, அதானே?

கால் கட்டையாகாது. பாதத்தை மேல கீழ ஆட்டுற மூட்டு கணுக்கால்ல இருக்கு, அதுல யாரும் கை வைக்கல. ஒட்டப்போறது அதுக்குக் கீழ, பாதத்தை உள்ள வெளிய சாய்க்கிற மூட்டு, உங்களுக்கு அது ஏற்கனவே தேஞ்சு முக்காவாசி இறுகிக் கிடக்கு, வலியே அதுலருந்துதான். எலும்பு அமுங்கி உயரம் குறைஞ்சு அகலமாயிருக்கு, அதான் ஷூ வெளிப்பக்கம் கடிக்குது. துருத்திட்டிருக்கிற எலும்பைச் செதுக்கி, இடுப்பெலும்புலருந்து ஒரு துண்டு எடுத்து நடுவுல வெச்சு உயரத்தைக் கூட்டி, ஸ்க்ரூ போட்டு இறுக்குவாங்க. சமதரையில நடக்கலாம், ஜல்லி கொட்டுன இடம், வரப்பு மாதிரி மேடுபள்ளத்துலதான் தடுமாறும். சாரத்துல ஏறுறதுக்கு மட்டும் நான் சரின்னு சொல்ல மாட்டேன்.

ஆனா என்னைத் தூக்கிவாரிப் போட்டது மூணாவது பக்கத்து மூலையில போறபோக்குல எழுதுன ஒரு வரி. தையல் போட்ட இடத்து ஓரத்துல பரு மாதிரி வந்து லேசா தண்ணி கசியும், மெடிக்கல்ல ஆன்டிபயாட்டிக் வாங்கி அஞ்சு நாள் போட்டா அடங்கிடும், அப்புறம் திரும்ப வரும்னு! அது பரு இல்லப்பா. ரெண்டு வருஷம் கழிச்சும் பழைய தையல் கசியுதுன்னா உள்ள பிளேட்லயோ எலும்புலயோ சீழ் இருக்குன்னுதான் எடுத்துக்கணும், இதைச் சொல்லாம மூட்டை ஒட்டுனா புது ஸ்க்ரூவும் சேர்ந்து கெட்டுப்போகும். முதல்ல பிளேட்டை எடுத்து சுத்தம் பண்ணி, கிருமி போனதுக்கு அப்புறம்தான் மத்ததெல்லாம். நீங்க அந்த அஞ்சு நாள் மாத்திரையைப் போட்டுக்கிட்டே இருந்தா கல்ச்சர்ல, அதாவது சீழை எடுத்து கிருமியை வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட்ல, கிருமி காட்டாமலே போகலாம், எதுக்கு என்ன மருந்துன்னு தெரியாம நாங்கதான் முழிக்கணும். இன்னையோட நிறுத்துங்க, நிறுத்துன தேதியை ஒரு சீட்டுல எழுதி வெச்சுக்கிட்டு இந்த வாரமே உங்க சர்ஜன்கிட்ட அந்த இடத்தைக் காட்டுங்க, ஈஎஸ்ஆர், சிஆர்பி (உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டுற ரத்த டெஸ்ட்), சுகர் மூணும் பார்க்கச் சொல்வாரு. காய்ச்சல் வந்தாலோ சுத்தி செவந்து சூடா இருந்தாலோ வாரமெல்லாம் கிடையாது, அன்னைக்கே போகணும்.

ஸ்க்ரூ துருப்பிடிக்குமான்னா, பிடிக்காது. மழைக்கு வலிக்குதுன்னா, வலிக்கட்டும், ஆபத்தில்ல. யூடியூப்காரர் சொன்ன பிரண்டை, துவையலா அரைச்சு நல்லா சாப்பிடுங்க, கோணலா சேர்ந்த எலும்பு அதுல நேராகாது.

பீடி பத்தி நீங்க எழுதவே இல்ல, ஆனா அனுப்புன போட்டோல சட்டைப் பையில கட்டு தெரியுது. அதை விடாம ஆபரேஷன் தேதி வாங்காதீங்க, புகை பிடிக்கிறவங்களுக்குப் புண்ணும் சீக்கிரம் ஆறாது, ஒட்டுன எலும்பும் சேராமப் போகலாம், அப்புறம் ரெண்டாவது தடவையும் இடுப்புல வெட்டணும்.