ஆழியாறு அணைப் படத்தில் வானம் வெளுத்து, மலை கறுத்துப் போவதற்கு

ஆழியாறு அணையில் எடுத்த படத்தில் வானம் வெளுத்து, மலை கறுத்து வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (கேமரா தானாக எடுக்கும் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் அமைப்பு) -1க்கு இறக்கி, ரா ஃபார்மட்டில் (கேமரா பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு வகை) எடுங்க. மலையின் இருட்டை அப்புறம் எடிட்டிங்கில் ஓரளவு ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் முழுசாக வெளுத்த வானத்தை மீட்க முடியாது.

சாயங்காலம் மேற்கே பார்த்து எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்நேரம் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குகிறது, மலையும் தண்ணீரும் கருப்பாக இருப்பதால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. அதே இடத்தில் ஒருநாள் காலையில் நின்று பாருங்க, வெயில் மலைமுகத்திலேயே விழும், அந்தப் பச்சையைப் பார்த்தால் மறுபடியும் போவீர்கள்.

எடுத்ததும் ஹிஸ்டோகிராம் (படத்தில் இருட்டு இடப்பக்கம், வெளிச்சம் வலப்பக்கம் என்று காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டி நிற்கிறதா பாருங்க. நின்றால் காம்பென்சேஷனை இன்னும் இறக்குங்க.

ஆடிக் காற்றில் மேகம் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் ஒவ்வொரு படத்துக்கும் பார்க்கணும். வானம் ஒரே வெள்ளையாக மூடிவிட்டால் இது உதவாது, வானத்தைக் குறைத்துத் தண்ணீரை எடுங்க.