வயலை ஈடு வைத்து ஒரு டொக்டரா?

சென்ற வாரம் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து மண்முனைப் பாலம் கடந்து ஒரு குடும்பம் ஆலோசனை கேட்டு என்னிடம் வந்தது. தகப்பன், தாய், மூத்த மகள், கூடவே தாய்மாமன். மகள் உயிரியல் பிரிவில் இரண்டாம் தடவை உயர்தரம் எழுதியவள். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் அவளுடைய இசட் புள்ளி மருத்துவத்துக்குப் போதாது. வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்துக்குத் தாராளமாகப் போதும். தாயின் கண்கள் சிவந்திருந்தன. "கவலைப்படாதீர்கள் அம்மா, இது நல்ல பெறுபேறுதான்" என்று தொடங்கினேன். மாமன் என்னை முடிக்க விடவில்லை. வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கு முகவர் ஒருவர் கொடுத்த தாளை மேசையில் விரித்தார். வயலை ஈடு வைத்தால் முதல் இரண்டு வருடக் கட்டணம் சரியாகிவிடுமாம். மிச்சத்தைப் பிறகு பார்க்கலாமாம்.

அந்தப் 'பிறகு பார்க்கலாம்' என்ற சொல்லோடு என்னிடமிருந்த ஆறுதலும் தீர்ந்துவிட்டது.

"வயல் யார் பெயரில் இருக்கிறது?" என்று கேட்டேன். தாயின் பெயரில். அவருக்கு அது அவருடைய தாய் கொடுத்த சீதனம். நம் பக்கத்து வழக்கப்படி அடுத்ததாக அது பெண்பிள்ளைகள் இருவருக்கும் போக வேண்டும். அப்படியானால் ஈடு வைக்கப்போவதில் பாதி, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் இளையவளுடையது. அவளிடம் யாராவது கேட்டார்களா? அக்காவின் படிப்புக்காகத் தங்கையின் பங்கை அடகு வைப்பதற்கு நான் ஒருபோதும் ஆலோசனை சொல்லமாட்டேன். கோபித்துக்கொண்டு எழுந்து போனாலும் போகட்டும். முகவரின் தாளில் இல்லாத இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டுப் பட்டத்தோடு வருகிறவர் இங்கே இலங்கை மருத்துவ சபையின் தகுதிப் பரீட்சையில் தேறிய பிறகுதான் உள்ளகப் பயிற்சிக்கே போகலாம். அதற்கு வருடக்கணக்கில் உட்கார்ந்து படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஈட்டின் வட்டி அதுவரை காத்திருக்காது.

மாமன் அசரவில்லை. "விவசாயம் படிக்கக் கம்பஸ் எதற்கு சேர்? தகப்பனோடு வயல் வட்டைக்குள் இறங்கினால் போதாதா?" என்றார். தகப்பன் கூடச் சிரித்துவிட்டார். மகள் சிரிக்கவில்லை.

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், மகள்?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கைத்தொலைபேசியை எடுத்து நீட்டினாள். போன பெரும்போகத்தில் அவர்களுடைய வயலில், நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சி விழுந்திருக்கிறது. பச்சைப் பயிருக்கு நடுவே வட்ட வட்டமாகக் கருகிய திட்டுகள். அதை எல்லோரும் படம் எடுப்பார்கள். இவளோ குனிந்து, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டின் அடியை எடுத்திருந்தாள். கபில நிறப் பூச்சிகள் அங்கேதான் அப்பிக்கொண்டிருந்தன. அடுத்த படம் மருந்தடித்த மறுநாள் எடுத்தது. "சிலந்தி ஒன்றும் இல்லை பாருங்கள் சேர்" என்றாள். தகப்பன் மூன்று தடவை மருந்தடித்திருக்கிறார். முதல் அடியிலேயே அறக்கொட்டியைத் தின்னும் சிலந்திகள் செத்துவிட்டன. பூச்சியின் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. அது பொரித்து வந்தபோது பிடித்துத் தின்ன ஆளில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல், படங்களைப் பார்த்துப் பார்த்து அவளாகவே கண்டுபிடித்தது இது. ஆராய்ச்சி நூல்கள் சொல்வதும் இதைத்தான்.

மாமனுக்கு என் மறுமொழி: தகப்பனோடு வட்டைக்குள் இறங்கியதால்தான் அவளுக்கு இந்தக் கேள்வி வந்தது. இனி அதைக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்க்க ஓர் ஆய்வுகூடமும், பிழையைத் திருத்த ஓர் ஆசிரியரும் வேண்டும். பல்கலைக்கழகம் இருப்பது அதற்காக. டொக்டர் என்ற நான்கெழுத்தைப் பெயருக்கு முன்னால் ஒட்டித் தரும் அச்சகமாக அதைக் கட்டவில்லை.

வந்தாறுமூலையின் கதையைப் பாருங்கள். 1981 ஓகஸ்டில் அது பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது ஒரு கிராமத்து மத்திய மகா வித்தியாலயத்தின் வளாகத்தில். கொழும்பு, கண்டி போன்ற நகரங்களில் உள்ள வசதியான பிள்ளைகளுக்கு மட்டும் கிடைத்த கல்வி கிராமத்துக்கும் வரவேண்டும் என்று கல்வி அமைச்சர் கன்னங்கராவின் காலத்தில் எழுந்தவைதான் மத்திய பாடசாலைகள். அப்படியொரு பாடசாலையின் மடியில் பிறந்த உயர்கல்வி நிறுவனம் முதலில் திறந்தவை இரண்டு பீடங்கள்: விஞ்ஞானமும் விவசாயமும். மருத்துவம் வந்தது இருபது வருடங்களுக்கு மேல் கழித்து. நெல்லும் வாவியும் மாடும் உள்ள மண்ணுக்கு முதலில் எது தேவை என்று அன்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

நாங்கள்தான் யோசிப்பதை விட்டுவிட்டோம். பெறுபேறு வந்த வாரம் பாடசாலை வாசல்களில் கட்டும் பதாகைகளைப் பாருங்கள். மருத்துவம், பொறியியல், அதற்குமேல் படம் கிடையாது. ஆசிரியராக இருந்த காலத்தில் நானும் ஏணியில் ஏறிக் கட்டியிருக்கிறேன். பதாகையில் வராத முந்நூறு பிள்ளைகளுக்கு நாங்கள் என்ன செய்தோம் என்று அதிபரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஊர்ப்பிள்ளை எல்லோருக்கும் என்று வந்த அரச பாடசாலையை நாலு படங்களுக்குள் சுருக்கிவிட்டோம்.

மூன்றாம் தடவை எழுதுவது, கல்வியியற் கல்லூரி, தாதியர் பயிற்சி, வங்கி இவையெல்லாம் ஊரில் ஒவ்வொரு திண்ணையிலும் பேசப்படுபவை. நான் சொல்ல ஒன்றுமில்லை. யாரும் பேசாத விவசாயப் பட்டத்தைச் சொல்கிறேன். நான்கு வருடம், ஆங்கில மொழியில். மண்ணின் இரசாயனம், பயிரியல், பூச்சியியல், கால்நடை, நீர்ப்பாசனமும் இயந்திரமும், சந்தைப் பொருளியல் எல்லாம் ஒரே கூரையின் கீழ். காலையில் விரிவுரையில் கேட்டதைப் பின்னேரம் சேற்றில் நின்று பார்க்கலாம். கடைசியில் சொந்தமாக ஓர் ஆய்வு செய்து எழுத வேண்டும். அந்தத் தொலைபேசிப் படங்கள் அங்கே ஆய்வுக் கேள்வியாகும்.

பி.ஜி. 300 என்று தகப்பன் விதைக்கிறாரே, அந்தப் பி.ஜி. என்பது பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தைக் குறிக்கும். இலக்கம் வயதைச் சொல்லும்: 300 மூன்று மாதம், 352 மூன்றரை, 403 நான்கு. குளத்தில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்து எந்த இலக்கத்தை விதைப்பது என்று முடிவெடுப்பதற்கு அறிவு வேண்டும். ஒவ்வொரு இலக்கத்துக்குப் பின்னாலும் வருடக்கணக்காக ஒட்டுச் சேர்த்துப் பார்த்த ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் படித்ததும் இதைத்தான். 2021இல் இரசாயனப் பசளையின் இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தினார்களே, அந்தப் போகத்தில் நம் விவசாயிகள் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் வரம்பில் நின்றதை இந்தத் தகப்பனே எனக்குச் சொன்னார். கேட்பதற்கு ஊரிலேயே ஓர் ஆள் இருந்திருந்தால்?

பட்டம் முடித்த மறுநாள் அரச நியமனம் வரும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். 2017இல் காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் நியமனம் கேட்டு நாட்கணக்காக உட்கார்ந்திருந்ததை மட்டக்களப்பில் எல்லோரும் பார்த்தோம். ஆனால் விவசாயத் திணைக்களம் மட்டும்தான் கதவு என்பதில்லை. விதை நிறுவனம், வங்கியின் விவசாயக் கடன் பிரிவு, கால்நடைப் பண்ணை, பாடசாலையில் விவசாய விஞ்ஞானம் என்று போகலாம். எதுவும் அமையாவிட்டாலும் ஈடு வைக்காத வயல் ஒன்று அவளுக்கு இருக்கும். கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்தால் மகாபொல புலமைப்பரிசிலோ உதவிப்பணமோ கிடைக்க இடமுண்டு. கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும்.

இனிச் செய்ய வேண்டிய வேலை. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தெரிவுகளை மகள் தன் கையால், தன் விருப்ப ஒழுங்கில் இடட்டும். மாமன் பக்கத்தில் இருக்க வேண்டாம். பல்கலைக்கழகம் திறக்கும்வரை உள்ள மாதங்களில் ஆங்கில வகுப்புக்குப் போகட்டும். முதல் வருடத்தில் கிராமத்துப் பிள்ளைகள் தடுக்கி விழுவது பாடத்தில் அல்ல, மொழியில்.

முகவருக்குக் கட்டவிருந்த பதிவுப் பணத்தில் அந்த வகுப்புக்குக் கட்டணம் தருவதாக மாமன் போகும்போது சொன்னார். இதை எழுதும்வரை பணம் வரவில்லை. இரண்டு தடவை நினைவூட்டியிருக்கிறேன்.