வீட்டுக் கணினியை நான் மட்டும்தான் பயன்படுத்துகிறேன். தனியாக அட்மின் கணக்கு வேண்டுமா?

வேண்டும். விண்டோஸ் 11-ஐ நிறுவும்போது உருவாகும் முதல் கணக்கே அட்மின் கணக்கு, அதாவது கணினியில் எதையும் நிறுவவும் மாற்றவும் உரிமையுள்ள கணக்கு. பெரும்பாலோர் அதிலேயே காலம் தள்ளுகிறார்கள். அதில் ஏதாவது மென்பொருள் கணினியை மாற்ற அனுமதி கேட்டுப் பெட்டி வந்தால் ‘யெஸ்’ அழுத்தினால் போதும். பழக்கதோஷத்தில் படிக்காமலே அழுத்திவிடுவோம். சாதாரணக் கணக்கில் அதே பெட்டி அட்மின் கடவுச்சொல்லைக் கேட்கும். எரிச்சல்தான், ஆனால் யோசிக்க வைக்கும்.

இதற்காகக் கோப்புகளை இடம் மாற்ற வேண்டியதில்லை. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய்ப் புதுக் கணக்கு ஒன்றைக் கடவுச்சொல்லோடு சேருங்கள். ‘சேஞ்ச் அக்கவுண்ட் டைப்’பில் அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள். அதில் ஒருமுறை நுழைந்து பார்த்துவிட்டு, அங்கிருந்தே உங்கள் பழைய கணக்கை ஸ்டாண்டர்ட் யூசராக, அதாவது சாதாரணக் கணக்காக, மாற்றுங்கள். புதிய கடவுச்சொல்லைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். மறந்தால் பழைய கணக்கை மீண்டும் அட்மினாக்குவது பெரும்பாடாகிவிடும்.

சில மென்பொருள்கள் பயனர் கோப்புறைக்குள்ளேயே நிறுவிக்கொள்ளும். அவை கடவுச்சொல் கேட்காது. கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் ரான்சம்வேரும் அப்படித்தான்: உங்கள் படங்களையும் ஆவணங்களையும் பூட்ட அதற்கு அட்மின் உரிமை தேவையில்லை. அதிலிருந்து தப்ப, வேலை முடிந்ததும் கழற்றி வைக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள்.